ஆம்பூர் உத்தியோகமற்றோர் உற்சாக அபிவிருத்தி சங்கம்

லண்டன் சந்தையில் தோல் விலை இறங்கியதற்கு ஆம்பூர் மஹபூப் பாஷா எந்த விதத்திலும் பொறுப்பாளி அல்ல. ஆனாலும் விசாரணை ஏதுமில்லாமல் தண்டனை அவனுக்குத்தான் கிடைத்தது.

அப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம். பாலாற்றங்கரையில் இருந்த, தோல் பதனிடும் ஷாப்புகளில் பாதிக்கு மேல் கதவைச் சாத்திவிட்டன. ஆவாரம் பட்டை ஊறிய குழியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று தோலைப் புரட்டிப் போடுவது மஹபூப் பாஷாவின் வேலை. முதலாளி ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டு, "சீமையில சரக்கு எடுக்கல. வீட்டுக்குப் போங்க" என்றார். குழியிலிருந்து ஏறி வந்தவன், கால் ஈரம் காய்வதற்குள் வீட்டில் இருந்தான்.

அவன் மனைவி பில்கிஸ் பீடி சுற்றி அடுப்பை எரிய வைத்துக்கொண்டிருந்தாள். வேலூரிலிருந்து அவள் அண்ணன் முனீர் அகமது வந்தார். தங்கையின் இளைத்த முகத்தைப் பார்த்தார். குழந்தைகள் இரண்டையும் பார்த்தார். பிறகு மஹபூப் பாஷாவைப் பார்த்தார்.

"ரம்ஜான் பிறை தெரியறதுக்குள்ள ஒரு வேலைல சேர்ந்துடு மாப்ளே. இல்லேன்னா ஜட்கா வெச்சிக்கினு வருவேன். தங்கச்சியையும் புள்ளைங்களையும் வேலூருக்கு இட்டுக்கினு போய்டுவேன். வேலை கெடச்சப்புறம் வந்து கூட்டிக்கோ."

"வேலை கெடைக்கலேன்னா?"

"அதையும் வந்து சொல்லிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு முனீர் அகமது ரயிலுக்குக் கிளம்பினார்.

இந்த நெருக்கடியான காலத்தில்தான் ஆம்பூருக்கு ஒரு விமோசனம் வந்தது. காலியாகக் கிடந்த ஒரு தோல் கிடங்கில் 'ஆம்பூர் உத்தியோகமற்றோர் உற்சாக அபிவிருத்தி சங்கம்' ஆரம்பமாயிற்று. வேலையில்லாதவர்களுக்கு வேலை தருவது அதன் நோக்கமல்ல. அப்படி ஒரு அவதூறை யாரும் அதன் மேல் சுமத்த முடியாது. வேலையில்லாதபோது மனிதன் சோர்ந்து போகிறான், சோர்ந்தவனுக்கு யாரும் வேலை தருவதில்லை, ஆகையால் முதலில் சோர்வை ஒழிப்பது என்பது சங்கத்தின் கொள்கை. தோல் ஷாப்பு முதலாளிகள் உடனே சம்மதித்தார்கள். சோர்வை ஒழிக்க அவர்கள் ஒன்றும் செலவழிக்க வேண்டியதில்லை. அதோடு, சங்கத்தின் உற்சாகச் சான்று இல்லாதவனை இனிமேல் எந்த ஷாப்பு வாசலிலும் நிற்க விடுவதில்லை என்றும் வாக்குக் கொடுத்தார்கள்.

தலைவர் ராவ் சாகிப் பஞ்சாட்சரம் முதலியார். ஓய்வு பெற்ற தாசில்தார். காரியதரிசி இஷ்தியாக் அகமது, பி.ஏ. பட்டம் வாங்கி நெடுங்காலம் சும்மா இருந்தவர். சங்கத்தின் மூலம் வேலை கிடைத்த முதல் மனிதர் அவர்தான். கதை முடிகிற சமயம் வரைக்கும் அந்தப் பெருமையில் அவருக்குப் போட்டியே இருக்கவில்லை.

திறப்பு விழாவில் ராவ் சாகிப் பேசினார். 

"மகாஜனங்களே! உங்களுக்கு வேலையில்லை என்று விசனப்படுகிறீர்கள். என்னைப் பாருங்கள். முப்பது வருஷ காலம் சர்க்கார் சேவையில் இருந்தேன். அந்த முப்பது வருஷத்தில் பல நாட்கள் எனக்கும் ஒரு வேலையும் இருந்ததில்லை. காலையில் கச்சேரிக்குப் போவேன். மேஜை முன் உட்காருவேன். சாயந்திரம் வீட்டுக்கு வருவேன். ஒரு நாளாவது மனம் தளர்ந்தேனா? இல்லை! ஏன்? உள்ளத்தில் உற்சாகம் இருந்தது. வேலை என்பது வெளியில் இருக்கிற வஸ்து. உற்சாகம் உள்ளே இருக்கிற வஸ்து. வெளி வஸ்துவை நம்பி உள் வஸ்துவைக் கைவிடாதீர்கள்!"

கூட்டம் கை தட்டியது. கை தட்டாதவர்களின் பெயரைக் காரியதரிசி குறித்துக்கொண்டிருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

மஹபூப் பாஷாவுக்குப் பக்கத்தில் மாதனூர்க்காரன் சம்பத் நின்றிருந்தான். தோலிலிருந்து மயிர் வழிக்கிற வேலையில் இருந்தவன். 

"இன்னாபா சொல்றாரு?" என்று மஹபூப் பாஷா மெதுவாகக் கேட்டான்.

"சம்பளம் வர்ற வரைக்கும் சோம்பேறியா இருந்தா தப்பில்லங்கறாரு" என்றான் சம்பத். "கை தட்டு, எழுதறான் பாரு."

சங்கத்தின் நடைமுறைகள் தாசில்தார் கச்சேரி முறைப்படியே அமைந்திருந்தன. ராவ் சாகிபுக்கு வேறு முறை தெரியாது. புதிதாகச் சேருகிறவன் 'தாற்காலிக உத்தியோகமற்றவன்'. ஒழுங்காக வந்து, புன்சிரிப்போடு உட்கார்ந்து, உபந்நியாசத்தின்போது தூங்காமலிருந்தால் அவனை 'நிரந்தர உத்தியோகமற்றவன்' என்று உறுதி செய்வார்கள். நிரந்தரமானவனுக்குத்தான் உற்சாகச் சான்று. சம்பத் நிரந்தரமான அன்று அவன் வீட்டில் பெரிய ரகளை நடந்தது. என்ன கௌரவம் என்று அவன் எவ்வளவு எடுத்துச் சொல்லியும் அவன் மனைவிக்கு விளங்கவில்லையாம்.

தினமும் காலை கிடங்கு திறந்ததும் ஆஜர் எடுப்பார்கள். பிறகு புன்சிரிப்புப் பரிசோதனை. பிறகு மத்தியானம் வரை உபந்நியாசம். சாப்பாட்டுக்கு விட்டு, சாயந்திரம் மறுபடி உபந்நியாசம். இதில் ஒரு சின்னச் சிக்கலை மஹபூப் பாஷா கவனித்தான். காரியதரிசியிடம் போய் நின்றான்.

"சாயபு, காலைல இங்க வந்துட்டா சாயந்திரம்தான் விடறீங்க. நான் எப்ப போய் வேலை தேடறது?"

இஷ்தியாக் அகமது அவனைப் பரிவோடு பார்த்தார். "அதுக்கு லீவு போடணும்."

"லீவா? எனக்கு வேலையே இல்லீங்களே."

"வேலையில இருக்கிறவன்தான் லீவு போடணும்னு எவன் சொன்னான்? மனு எழுதிக் குடு. இன்னா காரணம்?"

"வேலை தேடப் போறேங்க."

காரியதரிசி பேனாவைக் கீழே வைத்தார். "அது சொந்தக் காரியமாச்சே! சொந்தக் காரியத்துக்கு லீவு இல்ல. ஜுரம், வயித்துவலி, வீட்டுல சாவு, இதுக்கெல்லாம் உண்டு."

அன்றைக்கு மஹபூப் பாஷா வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாணியம்பாடி வரை நடந்து போய், எல்லா வாசலிலும் கேட்டுவிட்டு வந்தான். அங்கே எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: சான்று எங்கே? திரும்பி வரும்போது வயிற்றுவலி நிஜமாகவே வந்துவிட்டது.

"அப்ப சான்றை வாங்கித் தொலைங்க" என்றாள் பில்கிஸ். "அவங்க சிரிக்கச் சொன்னா சிரிங்க. எங்கிட்டதான் சிரிக்கறதில்ல, அங்கயாவது சிரிங்களேன்."

அவன் சிரித்தான். பல் தெரிய, கண் சுருங்க, தினமும் சிரித்தான். ராவ் சாகிபே ஒருநாள் நின்று பார்த்து, "இவனிடம் நல்ல முன்னேற்றம்" என்றார். சான்று இதோ வந்துவிடும் என்ற சமயத்தில் கலெக்டர் துரை சங்கத்தைப் பார்வையிட வரப்போவதாகச் செய்தி வந்தது. ராவ் சாகிப் என்கிற பட்டம் ராவ் பகதூர் என்று வளர்வதற்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. தலைவர் அங்கத்தினர்களை வரிசையாக நிற்கவைத்துத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கைகளைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

ஆவாரம் பட்டைத் தண்ணீர் ஏறிய கைகள். உள்ளங்கையும் விரல் நுனியும் செம்பழுப்பாக, நகக்கண்கள் கறுப்பாக இருந்தன.

"இந்தக் கைகளைப் பார்த்தால் துரைக்கு என்ன தோன்றும்? அழுக்கு! சோம்பல்! விரக்தி! இஷ்தியாக், எல்லோர் கையையும் சுத்தம் பண்ணு. கை வெளுக்காதவனுக்குச் சான்று கிடையாது."

மஹபூப் பாஷாவுக்குத் திக்கென்றது. தோல் ஷாப்பு வாசலில் மேஸ்திரி ஆள் எடுக்கிற விதம் அவனுக்குத் தெரியும். எவனும் 'எனக்குக் குழி வேலை தெரியும்' என்று சொல்லலாம். மேஸ்திரி காதால் கேட்பதில்லை. 'கையைக் காட்டு' என்பார். சாயம் ஏறிய கையென்றால் உள்ளே, இல்லையென்றால் ரோட்டில். அந்த வட்டாரத்தில் உழைப்பாளிக்குக் கையே சிபாரிசு.

"சாயபு, கை வெளுத்துட்டா மேஸ்திரி சேத்துக்க மாட்டாருங்க" என்றான்.

"சான்று இருக்கறப்போ கையை எவன் பாப்பான்?" என்றார் பி.ஏ.

புளி, எலுமிச்சை, செங்கல்பொடி, சவுக்காரம் ஆகியவை வந்தன. ஒருவர் கையை ஒருவர் தேய்த்தார்கள். காலை உபந்நியாசத்தின் தலைப்பு 'தன்மானம்'. அதைக் கேட்டுக்கொண்டே தேய்த்தார்கள். சில நாளில் மஹபூப் பாஷாவின் கை, ஜவுளிக்கடைக் கணக்கப்பிள்ளையின் கைபோல ஆகிவிட்டது. அவனை நிரந்தரமாக்கினார்கள். சான்றையும் கொடுத்தார்கள். அது ஒவ்வொரு திங்கட்கிழமையும் கைப் பரிசோதனைக்குப் பிறகு முத்திரை குத்தினால்தான் செல்லும்.

அந்த வாரமே மாதனூர் ரோட்டில் ஒரு தோல் ஷாப்பு மறுபடி திறந்தது. மஹபூப் பாஷா வீட்டில் சாவு என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு விடியற்காலையில் அங்கே போய் நின்றான். வாசல் காவல்காரன் சான்றைப் பார்த்து உள்ளே விட்டான். உள்வாசலில் மேஸ்திரி ஜியாவுல்லா ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"கையைக் காட்டு."

காட்டினான்.

"இன்னா கை இது? மருதாணி வெச்சுக் காத்துக்கினு இருக்கற கல்யாணப் பொண்ணு கைகூட இதைவிடக் கெட்டியா இருக்குமே! குழியில எறங்கினவனா நீ?"

"ஒன்பது வருஷம் எறங்கியிருக்கேங்க. சங்கத்துல தேச்சுட்டாங்க."

"எந்தச் சங்கத்துல?"

"உற்சாகச் சங்கம்."

மேஸ்திரி முக்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டார். "தம்பி, உடம்பு சரியில்லேன்னா வீட்டுல படு. போ. அடுத்து!"

ஆக நிலைமை இப்படி இருந்தது. வெளிவாசலில் சான்று வேண்டும். சான்றுக்கு வெள்ளைக் கை வேண்டும். உள்வாசலில் சாயக் கை வேண்டும். சான்று இருந்தவர்களையெல்லாம் மேஸ்திரி திருப்பினார். சாயம் இருந்தவர்களையெல்லாம் காவல்காரன் திருப்பினான். ஆம்பூரில் வேலைக்குத் தகுந்த ஆளே கிடைப்பதில்லை என்று முதலாளிகள் வருத்தப்படலானார்கள். ராவ் சாகிப் அதற்கும் ஒரு உபந்நியாசம் ஏற்பாடு செய்தார்.

வழி கண்டுபிடித்தவள் பில்கிஸ். பீடி சுற்றிக்கொண்டே கேட்டாள்:

"உங்க சங்கத்துல எந்தக் கையைப் பாக்கறாங்க?"

"ஏதாவது ஒரு கையை நீட்டினாப் போதும். கூட்டம் ஜாஸ்தியாப் போச்சி, ரெண்டு கையும் பாக்க டைம் இல்ல."

"மேஸ்திரி?"

"அவரு சோத்துக்கையைத்தான் பாப்பாரு."

"அப்ப இன்னா பேஜாரு? சோத்துக்கைய மேஸ்திரிக்குக் குடுங்க, இன்னொரு கைய சங்கத்துக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, சட்டியில் ஆவாரம் பட்டையைப் போட்டுக் கொதிக்க வைத்தாள். மஹபூப் பாஷா ஆறிய சட்டியில் வலது கையை விட்டுக்கொண்டு ராத்திரிச் சாப்பாட்டை ஸ்பூனால் சாப்பிட்டான். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்ததும் வலது கை பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை பரிசோதனையில் இடது கையை நீட்டினான், முத்திரை விழுந்தது. அந்த வார ஆள் எடுப்பு சனிக்கிழமை. பிறை எப்படியும் ஞாயிறோ திங்களோ தெரிந்துவிடும்.

ஆனால் வெள்ளிக்கிழமையே கலெக்டர் துரை வந்துவிட்டார்.

கிடங்கில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். அங்கத்தினர்கள் வெள்ளைக் கைகளோடும் சிரித்த முகங்களோடும் வரிசையில் நின்றார்கள். துரை ஒவ்வொருவர் முன்னாலும் வர, ஒவ்வொருவரும் சலாம் செய்தார்கள். மஹபூப் பாஷாவின் முன்னால் துரை வந்து நின்றார். பல வருஷமாக வட ஆற்காட்டு ஜில்லாவிலேயே இருந்து தமிழும் கொஞ்சம் பேசக் கற்றுக்கொண்டவர் அவர். மஹபூப் பாஷா வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, இடது கையால் ஒரு நீண்ட சலாம் போட்டான்.

கிடங்கில் ஒரு இலைகூட அசையவில்லை. இஷ்தியாக் அகமது கண்ணை மூடிக்கொண்டார். ராவ் சாகிபின் தலைப்பாகை மட்டும் மெல்ல ஆடியது.

"இந்த ஆள் என்னை அவமானப்படுத்துறானா?" என்று துரை கேட்டார்.

"சோத்துக்கைல சலாம் போடுடா!" என்று ராவ் சாகிப் கத்தினார். அவர் வாயிலிருந்து அன்றுதான் முதல்முறையாக ஊர்ப் பேச்சு வந்தது.

மஹபூப் பாஷா தயங்கித் தயங்கி வலது கையை முன்னால் கொண்டுவந்தான். வெள்ளைக் கைகளின் வரிசையில் அந்த ஒரு கை மட்டும் பழுப்பாக நீண்டது.

"இது என்ன நிறம்?"

ராவ் சாகிப் சேவையில் கற்றுக்கொண்ட வித்தை ஒன்று உண்டு. மேலதிகாரி கேட்ட கேள்விக்கு, பதில் தெரிகிறதோ இல்லையோ, உடனே பதில் சொல்லிவிடுவார்.

"துரையவர்களே, அது உழைப்பின் நிறம்! எங்கள் சங்கத்தின் உற்சாகத்தால் இவனுக்குத் தோல் ஷாப்பில் வேலை கிடைத்துவிட்டது. தங்களைத் தரிசிக்க வேலையிலிருந்து நேரே வந்திருக்கிறான்!"

துரையின் முகம் மலர்ந்தது. "வெகு நல்லது. அடுத்த வாரம் நான் மறுபடி வரேன். இவன் வேலை செய்ற இடத்துக்குப் போயி இவனைப் பாக்கணும். அப்புறம் உங்களைப் பத்தி மேலே எழுதறேன், ராவ் சாகிப்."

மோட்டார் வண்டி போயிற்று. பிறகு சம்பத்தான் சொன்னான்: "பாய், உனக்கு வேலை கெடச்சிடுச்சாமே. எங்களுக்கெல்லாம் இன்னா வாங்கித் தரப் போற?"

அன்று சாயந்திரம் ராவ் சாகிப் மாதனூர் ரோட்டு முதலாளிக்கு ஆள் அனுப்பினார். முதலாளி மதராசில் இருந்தார். ஆள் எடுப்பதெல்லாம் மேஸ்திரிதான் என்றார்கள். ராவ் பகதூர் பட்டம் ஒரு மேஸ்திரியின் முக்காலியில் போய் உட்கார்ந்துகொண்டது. வேறு வழியில்லை. சனிக்கிழமை விடியற்காலையில் ராவ் சாகிப் பஞ்சாட்சரம் முதலியார், கோட்டும் தலைப்பாகையும் அணிந்து, மஹபூப் பாஷாவை முன்னால் விட்டுக்கொண்டு, தோல் ஷாப்பு வாசலில் வந்து நின்றார். பில்கிஸ் முந்தின ராத்திரி முழுக்கக் கணவனின் இரண்டு கையையும் சட்டிக்குள் அழுத்தியிருந்தாள்.

வாசலில் நீண்ட வரிசை. ராவ் சாகிபுக்கு யாரும் நாற்காலி போடவில்லை. "நான் ராவ் சாகிப்" என்று முன்னால் நின்றவனிடம் சொல்லிப் பார்த்தார். அவன் திரும்பிப் பார்த்து, "இருக்கட்டும் பெரியவரே, எனக்கும் கஷ்டம்தான்" என்றான். வெயில் ஏறியது. சுண்ணாம்புக் குழியின் நாற்றம் ஏறியது. ராவ் சாகிப் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார். முகத்தில் புன்சிரிப்பு இல்லை. அதைப் பரிசோதிக்கவும் அங்கே ஆளில்லை.

கடைசியில் மேஸ்திரி ஜியாவுல்லாவின் முன் போய்ச் சேர்ந்தார்கள். மஹபூப் பாஷா இரண்டு கையையும் நீட்டினான். மேஸ்திரி புரட்டிப் பார்த்தார்.

"போன தடவை வெள்ளையா ஒருத்தன் வந்தானே, உன்னை மாதிரியே இருந்தான். தம்பியா?"

"தம்பிதாங்க."

"அவனுக்குப் புத்தி கொஞ்சம் கம்மி. நீ தேவலாம். உள்ள போ. நாலாவது குழி."

மஹபூப் பாஷா உள்ளே ஓடினான். ராவ் சாகிப் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"மேஸ்திரியவர்களே! இவனை நீங்கள் எடுத்துக்கொண்டதில் எங்கள் சங்கம்..."

"பேச்செல்லாம் அப்புறம் ஐயா. பின்னாடி ஆளு நிக்குது. கையைக் காட்டுங்க."

விடியற்காலையிலிருந்து முன்னால் நின்ற ஒவ்வொருவனும் கையை நீட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்ததாலோ என்னவோ, ராவ் சாகிபின் கை தானாக நீண்டுவிட்டது. மேஸ்திரி கட்டை விரலால் உள்ளங்கையை அழுத்திப் பார்த்தார்.

"இப்பல்லாம் கோட்டு போட்டவங்களும் ஜாஸ்தி வர்றாங்க. காலம் அப்பிடி. முன்னாடி இன்னா வேலை செஞ்சீங்க?"

"முப்பது வருஷம் சர்க்கார் உத்தியோகம்."

"அது சரிங்க. வேலை இன்னா செஞ்சீங்க?"

ராவ் சாகிபுக்குப் பதில் வரவில்லை. சேவையில் சேர்ந்த நாளிலிருந்து, ஒரு கேள்விக்கு அவர் உடனே பதில் சொல்லாதது அதுதான் முதல் தடவை.

மேஸ்திரி இரக்கமுள்ள மனுஷர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பஞ்சாட்டம் இருக்கு கை. குழியில நிக்க முடியாது. பரவால்ல, நாளைக்கு வந்து பாருங்க. ஏதாவது இருந்தா சொல்றேன். மனசைத் தளரவிடாதீங்க. அடுத்து!"

மறுநாள் ஞாயிறு சாயந்திரம், பிறை தெரிந்தது என்று மசூதியில் அறிவித்தபோது, முனீர் அகமதுவின் ஜட்கா சந்துக்குள் திரும்பியது. அவர் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டு, தங்கையின் மூட்டை முடிச்சு வெளியே வரும் என்று காத்திருந்தார். மூட்டை வரவில்லை. மஹபூப் பாஷாதான் வேலையிலிருந்து வந்துகொண்டிருந்தான். அவன் சந்து முனையில் திரும்பும்போதே காற்று அவனை முந்திக்கொண்டு வந்துவிட்டது. ஜட்காக் குதிரை இரண்டடி பின்வாங்கியது. முனீர் அகமது மூக்கைப் பொத்திக்கொண்டு கீழே இறங்கினார். முகமெல்லாம் சந்தோஷம்.

"அடடா, மாப்ளே! இன்னா நாத்தம்! எப்ப சேர்ந்தே?"

"நேத்து."

"நல்லா இரு! பில்கிஸ், அண்ணனுக்கு டீ போடு. குடிச்சிட்டுக் கெளம்பறேன், பெருநாளைக்கு வர்றேன்." பிறகு மூக்கிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்: "ஊர்ல சொல்றாங்களே, அந்த உற்சாகச் சங்கம்தான் உனக்கு வேலை வாங்கிக் குடுத்துதாமே? மெய்யா?"

"மெய்தான் மச்சான்" என்றான் மஹபூப் பாஷா. "தலைவரே கூட வந்து வரிசையில நின்னாரு. பாவம், அவருக்குத்தான் கெடைக்கல. இன்னைக்கு வரச் சொல்லியிருந்தாங்க, ஆளையே காணோம்."